சேர்மன் நகர்த்திய சிப்பாய்

விருந்தாளியாக வருகிறவர் முதல் காயை நகர்த்தித் தொடங்கிவைப்பது எங்கள் ஊர்ச் செஸ் போட்டியில் பழைய வழக்கம். வழக்கத்தின் மேல் எனக்குப் புகார் கிடையாது. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. விருந்தாளி முதல் மேசைக்கு வருவார். வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்திருப்பவரின் காதருகே குனிந்து, எதை நகர்த்தட்டும் என்று கேட்பார். ஆடுகிறவர் சொல்வார். சொன்ன காயை, சொன்ன இடத்துக்கு நகர்த்துவார். படம் எடுப்பார்கள், கைதட்டுவார்கள், அவர் போய் உட்கார்ந்துகொள்வார். ஒரு வருடம் ஆஸ்பத்திரி மேட்ரன் வந்தார். குதிரைக்கும் யானைக்கும் வித்தியாசம் தெரியாதவர். ஆனால் கேட்டார்.

சேர்மன் கபொட்வே கேட்கவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். என் பெயர் ஆஸ்ட்ரிடா. மகன் பெயர் சிசாங்கா என்பதால் ஊரில் பாதிப் பேருக்கு நான் பானா சிசாங்கா, அதாவது சிசாங்காவின் அம்மா. கிளினிக்கில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் வேலை. அங்கே டாக்டர் எழுதியதைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் கரண்ட் இருக்கும் நேரத்தில்தான் சமைக்க வேண்டும். சர்ச்சில் பாட்டுத் தலைவி எடுக்கும் சுருதியில்தான் பாட வேண்டும். செஸ் பலகை ஒன்றில்தான் என் கையை இன்னொருவர் பிடித்து நகர்த்தியதில்லை.

எங்கள் மாவட்டத்திலிருந்து தலைநகர் லுசாகாவில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு ஒரே ஒருவர் போகலாம். போன வருடத்துக்கு முந்தின வருடம் நான்தான் முதலில் வந்தேன். பெண்கள் பட்டியல் முடிந்துவிட்டது என்றார்கள். நான் பெண்கள் பட்டியலில் ஆடவில்லையே, எல்லோரோடும் ஆடித்தானே ஜெயித்தேன் என்றேன். பட்டியல் முடிந்துவிட்டது என்று மறுபடியும் சொன்னார்கள். போன வருடமும் நான்தான் முதல். லுசாகாவுக்கு வண்டி கொடுத்தது சுரங்கக் கிளப். வண்டி யாருடையதோ, அதில் உட்காரும் ஆளும் அவர்களுடையவர் என்று ஆகிவிட்டது. போனவர் வெப்ஸ்டர் முசுக்குவா. சுரங்கத்தில் என்ஜினியர். தோற்பதே இல்லை, ஜெயிப்பதும் அபூர்வம். எல்லோரோடும் டிரா செய்து, சேமிப்புக் கணக்குபோல அரை அரைப் புள்ளியாகச் சேர்த்து மேலே வருகிறவர்.

இந்த வருடம் கடைசிச் சுற்றில் எனக்கும் வெப்ஸ்டருக்கும் ஆட்டம். என்னைவிட அரைப் புள்ளி முன்னால் இருந்தார். டிரா ஆனால் அவர் போவார். நான் போக வேண்டுமென்றால் ஜெயித்தே ஆக வேண்டும். வெள்ளைக் காய் எனக்கு. வண்டி யாருடையதாக இருந்தாலும் முதலில் வருகிறவர்தான் போக வேண்டும் என்று இந்த முறை போட்டி நடத்தும் நடுவரிடம் முன்கூட்டியே எல்லோர் முன்னாலும் வாக்கு வாங்கியிருந்தேன்.

வெப்ஸ்டருக்காக நான் தயார் செய்தது ராஜாவின் சிப்பாய். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் ஆட்டம் சீக்கிரம் திறந்துகொள்ளும், அடிதடி வரும், வேலிக்குப் பின்னால் ஒளிய இடம் இருக்காது. ராணியின் சிப்பாயில் தொடங்கினால் அப்படியில்லை. நிதானமாகச் சுவர் எழுப்பிக்கொண்டு உள்ளே உட்காரலாம். வெப்ஸ்டருக்குச் சாப்பாடே அதுதான். அதனால் சலூன் வைத்திருக்கும் என் தோழி லவ்னெஸ்ஸை உட்காரவைத்து, அவள் வந்தவள் ஒருத்தியின் தலையைப் பின்னிக்கொண்டே கறுப்புக் காய் ஆட, நான் ராஜாவின் சிப்பாயையே திரும்பத் திரும்ப ஆடிப் பழகினேன்.

லவ்னெஸ்ஸுக்கு அது பிடிக்கவில்லை. வெள்ளைக் காய் கிடைத்தால் அவள் எப்போதும் ராணியின் சிப்பாயைத்தான் தள்ளுவாள்.

"மெதுவா போற ஆட்டம்டி அது. நடுவுல ஒரு தலைய முடிச்சு அனுப்பிடலாம்," என்பாள். "நீ ஆடுறதுல கண்ண எடுத்தா ராணி போயிடுது."

அப்படி மெதுவாகவே ஆடி அவள் என்னை எத்தனையோ முறை கதறவைத்திருக்கிறாள். அது பிறகு வருகிறது.

போட்டி நடந்தது வெல்ஃபேர் ஹாலில். அக்டோபர் மாதம், மழைக்கு முந்தைய வெயில். தகரக் கூரை படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் சேர்மன் கபொட்வே ஒரு டி-ஷர்ட் கொடுத்திருந்தார். மார்பில் அவர் முகம். கோப்பையும் மெடல்களும்கூட அவர் தந்தவை. உரக்கிடங்கு, லாரிகள், ஒரு லாட்ஜ், அடுத்த வருடத் தேர்தலில் நிற்கும் ஆசை, இவ்வளவும் உடையவர். நான் டி-ஷர்ட்டை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டேன். லவ்னெஸ் தன்னுடையதைச் சலூனில் சாயம் துடைக்க வைத்துவிட்டு வந்திருந்தாள்.

சேர்மன் எங்கள் மேசைக்கு வந்தார். கூடவே நடுவர் சிம்பெயே. பிரைமரி ஸ்கூல் ஹெட்மாஸ்டர்; ஊரே அவரை ஹெட் என்றுதான் கூப்பிடும். போட்டோக்காரர் ஸ்டூல்மேல் ஏறி நின்றார். நான், ராஜாவின் சிப்பாய், இரண்டு கட்டம் என்று சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தேன். சேர்மன் என் பக்கம் திரும்பவே இல்லை. என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினார். கைக்கு எட்டிய சிப்பாயை எடுத்தார். அது ராணியின் சிப்பாய். அதை மூன்று கட்டம் தள்ளி வைத்தார்.

சிப்பாய் மூன்று கட்டம் போகாது. முதல் தடவை இரண்டு, அதுவே அதிகம். ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். அத்தனை பேரும் கைதட்டினார்கள். பளிச்சென்று படம் எடுத்தார்கள். சேர்மன் விரலை எடுக்காமல் இன்னொரு படத்துக்கும் சிரித்தார்.

அவர் நிமிர்ந்ததும் ஹெட் குனிந்து, ஈயை ஓட்டுவதுபோல இரண்டு விரலால் சிப்பாயை ஒரு கட்டம் பின்னால் இழுத்தார். "ரெண்டு கட்டம். சரியா இருக்கு. தொடங்கலாம்."

"ஹெட், இது என் ஆட்டம் இல்ல," என்றேன். "நான் ராஜா சிப்பாய் ஆடணும். இத எடுத்து பழைய இடத்துல வைக்கிறேன்."

நான் கையை நீட்டுவதற்குள் வெப்ஸ்டர் தன் ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னால் தள்ளி எதிரே நிறுத்தி, கடிகாரத்தை அமுக்கிவிட்டார். சேர்மன் முதலில் சிப்பாயை வைத்திருந்தாரே, அதே கட்டம். என் நேரம் ஓடத் தொடங்கியது.

"ஆட்டம் ஆரம்பிச்சாச்சு மேடம்," என்றார் வெப்ஸ்டர். குரலில் அவ்வளவு மரியாதை.

"நான் இன்னும் ஒண்ணும் ஆடலயே."

"வெள்ளை ஆடியிருக்கு. நான் பதில் சொல்லியிருக்கேன்."

ஹெட் என் காதருகே குனிந்தார். ஒரு வழியாக ஒருவர் குனிந்தார். "பானா சிசாங்கா, பெரிய மனுஷன் அங்கயே உக்காந்து பாத்துக்கிட்டிருக்காரு. அவரு வெச்சத அவரு கண்ணு முன்னாலயே எடுத்து வெச்சா என்ன நெனப்பாரு? மெடலும் அவருதான் குடுக்கணும். எந்தச் சிப்பாயா இருந்தா என்ன, எட்டுல ஒண்ணு."

"எட்டுல ஒண்ணா? ஹெட், நீங்க ஸ்கூல்ல கணக்குப் பாடத்துக்கும் இப்படித்தான் விடை எழுத வைக்கிறீங்களா?"

"சத்தம் போடாதீங்க. நேரம் ஓடுது உங்களுக்கு."

ஓடிக்கொண்டுதான் இருந்தது. பலகையைத் தூக்கி அந்த டி-ஷர்ட் முகத்தின்மேல் அடிக்க வேண்டும் போலிருந்தது. மூன்று வாரம் பழகியது எல்லாம் ஒரு விருந்தாளியின் சுண்டுவிரலில் போய்விட்டது. எழுந்து வெளியே போனால் வெப்ஸ்டர் லுசாகா போவார். உட்கார்ந்தால் அவருக்குப் பிடித்த ஆட்டத்தை நான் ஆட வேண்டும்.

உட்கார்ந்தேன். கோபத்தில் எழுந்துபோகும் பழக்கம் எனக்கு இல்லை. மருந்து ஜன்னலில் யார் என்ன கத்தினாலும் ஜன்னலை மூட முடியாது.

அப்புறம்தான் லவ்னெஸ் நினைவுக்கு வந்தாள். ராணியின் சிப்பாயை வெள்ளைப் பக்கத்திலிருந்து எனக்கு ஆடத் தெரியாது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து அடி வாங்கியிருக்கிறேன். எங்கெங்கே வலிக்கும் என்று தெரியும். அவள் எனக்குச் செய்ததை இவருக்குச் செய்வோம் என்று முடிவு செய்தேன். பக்கத்துச் சிப்பாயைக் கொடுத்தேன், அவர் எடுத்தார், நான் திரும்ப எடுத்தேன். நடுவில் இன்னும் இரண்டு வெட்டு. எல்லாம் முடிந்தபோது ராணியின் சிப்பாய் பலகையின் நடுவே தனியாக நின்றது. இரண்டு பக்கமும் அதைத் தாங்க வேறு சிப்பாய் இல்லை.

அப்படி நிற்கும் சிப்பாய்க்குக் காவலே பெரிய வேலை. அதற்குப் பதிலாக ஒன்று கிடைக்கும்: மற்ற காய்களுக்கு எல்லாப் பக்கமும் வழி. லவ்னெஸ் எப்போதும் சொல்வாள், "அனாதைன்னு நெனச்சு நீ அதத் திங்க வருவ பாரு, அப்பதான் உனக்கு இருக்கு."

வெப்ஸ்டரும் அதைத் தின்னத்தான் வந்தார். முதலில் அந்தச் சிப்பாய்க்கு நேர் முன்னால் குதிரையைக் கட்டி வைத்திருந்தார். அங்கேயே அது நின்றிருந்தால் நான் மூச்சுத் திணறியிருப்பேன். ஆனால் சிப்பாயைச் சுற்றி அடுக்கிய என் காய்களைப் பார்த்து, நான் அதைக் காப்பாற்ற மட்டுமே ஆடுகிறேன் என்று நினைத்தார். யானையைக் கொண்டுவந்தார். பிறகு குதிரையை அந்த இடத்திலிருந்து எடுத்து என் குதிரை ஒன்றோடு மாற்றினார்.

அதற்குள் சேர்மன் இரண்டு முறை வந்து போய்விட்டார். வறுத்த நிலக்கடலை மென்றுகொண்டே என் பின்னால் நிற்பார். அவர் போன் அடிக்கும். ஆட்டத்தின் நடுவே போன் அடித்தால் ஆடுகிறவர் தோற்றவர் ஆவார். விருந்தாளிக்கு அந்த விதி இல்லை போலிருக்கிறது. "ஆமா, இங்கதான் செஸ்ல இருக்கேன். நான்தான் ஆரம்பிச்சேன். என் சிப்பாய் இன்னும் நடுவுல நிக்கிது, ஒருத்தனும் தொட முடியல," என்று போனில் சொன்னார்.

என் சிப்பாய். அவருடையதாம்.

ராணியின் சிப்பாயை எடுத்து ஒரு கட்டம் முன்னால் தள்ளினேன். காவல் இல்லாத இடத்துக்கு. வெப்ஸ்டரின் சிப்பாய் அதை இலவசமாக வெட்டலாம்.

பின்னால் கடலை மெல்லும் சத்தம் நின்றது. "ஐயோ, அதக் குடுத்துட்டாளே. அவன் எடுத்துடுவானே," என்றார் சேர்மன்.

"சேர்மன், ஆட்டம் நடக்குது," என்று லவ்னெஸ் தூரத்திலிருந்து சொன்னாள். "கடலய மட்டும் சாப்பிடுங்க."

வெப்ஸ்டர் நெடுநேரம் யோசித்தார். வெட்டாமலும் இருக்க முடியாது. விட்டால் அது இன்னும் உள்ளே நுழையும். வெட்டினார். வெட்டியதும் அவருடைய ராஜாவின் பக்கத்து வரிசை திறந்தது. அங்கே ஏற்கெனவே என் யானை காத்திருந்தது. என் ராணியும் மந்திரியும் ஒரே சாய்கோட்டில் அவருடைய ராஜாவின் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மிச்சமிருந்த குதிரையை அங்கே காவலுக்கு வைத்தார். நான் அந்தக் குதிரையை வெட்டினேன். சுவரில் ஓட்டை. செக். ராஜா ஓடினார். யானை செக். ஒளிய ஒரு கட்டம் இல்லை. அடுத்த நகர்த்தலில் முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்தது. காதுமடல் வேர்த்திருந்தது.

தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கடிகாரத்தை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"நடுவரே, ஒரு ஆட்சேபம் இருக்கு."

"என்ன முசுக்குவா?"

"ஆடுறவங்கதான் தங்க கையால ஆடணும்னு விதி. வெள்ளையோட முதல் நகர்த்தல வெள்ளை ஆடல. சேர்மன் ஒரு கட்டம் அதிகமா வெச்சாரு, நீங்க ஒரு கட்டம் பின்னால இழுத்தீங்க. ரெண்டு வெளியாள் கை. இந்த ஆட்டம் செல்லாது. மறுபடி ஆடணும்."

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு என்று அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. "இதத்தானே நான் உக்காந்த உடனே சொன்னேன்? அப்ப கடிகாரத்த அமுக்குனது யாரு? சுரங்கத்துல கீழ போன லிஃப்ட்டா?"

"விருந்தாளிக்கு மரியாதை குடுத்தேன் மேடம்."

"மரியாதை அப்பவும் உங்களுக்குத்தான் உதவுச்சு, இப்பவும் உங்களுக்குத்தான் உதவுது."

ஹெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கழற்றினால் அவருக்கு எதுவும் தெரியாது. அதற்காகவே கழற்றினார் என்று நினைக்கிறேன். "முசுக்குவா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு..." என்று ஆரம்பித்தார்.

அதற்குள் சேர்மன் மேசைக்கு வந்துவிட்டார். "என்னது? நான் வெச்சது செல்லாதா? யாரு சொல்றது?"

வெப்ஸ்டர் தரையைப் பார்த்தார்.

சேர்மன் பலகையைச் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். "நீங்கல்லாம் பாத்தீங்க. நான் சிப்பாய எங்க வெச்சேன்? அந்தக் கட்டத்துல. ஹெட் பின்னால இழுத்தாரு. கடைசில இந்தப் பொம்பள அத எங்க கொண்டுபோய் வெச்சு ஜெயிச்சா? அதே கட்டத்துல. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரிஞ்சது உங்களுக்கு இவ்வளவு நேரம் கழிச்சுத்தான் தெரியுது."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். எல்லோரும் விதி தெரிந்தவர்கள்.

"ஆட்டம் செல்லும்," என்றார் சேர்மன். "இவ லுசாகா போகட்டும். மைக்க குடு. பொம்பளயும் வந்து ரெண்டு வார்த்தை சொல்லட்டும், யாரு தொடங்கிவெச்சாங்கன்னு."

ஹெட்டின் முகத்தில் வெயில் இறங்கியது போல் ஒரு நிம்மதி. மைக் மேடை வரை என்னுடன் நடந்தார். வழியெல்லாம் காதோடு பேசினார். "ஒண்ணும் பெருசா வேண்டாம். சேர்மன் தொடங்கிவெச்ச ஆட்டம், அவருக்கு நன்றி, அவ்வளவுதான். முடிஞ்சிது கதை. மூணாவது வருஷம் இது. நீங்க போகணுமா இல்லையா?"

போக வேண்டும். அது எனக்குத் தெரியாதா? இரண்டு வருடம் தூங்காமல் படுத்துக்கொண்டு நினைத்ததே அதைத்தான். நன்றி என்ற ஒரு வார்த்தை. கிளினிக்கில் நாள் முழுக்கச் சொல்வதுதான். மைக் முன்னால் போய் நின்றேன். சேர்மன் கீழே கோப்பையைப் பிடித்துக்கொண்டு படத்துக்குத் தயாராக இருந்தார். அவர் மார்பிலும் அவர் முகமே இருந்தது.

"முதல் நகர்த்தல் என்னுது இல்ல," என்றேன். "நான் அதக் கேக்கல. சேர்மனும் என்னக் கேக்கல. சிப்பாய் மூணு கட்டம் போகாது, அது இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும், கைதட்டுனீங்க. அதுக்கு அப்புறம் ஆடுனது எல்லாம் என் கை. நன்றி யாருக்காவது சொல்லணும்னா அதோ லவ்னெஸ்ஸுக்குச் சொல்றேன். அவகிட்ட தோத்துத் தோத்துதான் இத ஆடக் கத்துக்கிட்டேன்."

மைக்கை அதன் கம்பியில் மாட்டினேன்.

பெரிய மனிதர்கள் கோபத்தைப் பேசிக் காட்டுவதில்லை. சேர்மன் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கினார். மெடல் பெட்டியை டிரைவரிடம் கொடுத்தார். வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அது அடங்கியதும் ஹெட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ஆட்சேபம் ஏத்துக்கப்பட்டுது," என்றார். "மறு ஆட்டம். ஆளுக்கு இருபது நிமிஷம்."

லவ்னெஸ் என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனாள். "வாயில என்ன முள்ளா இருக்கு உனக்கு? நன்றின்னு சொன்னா நாக்கு அறுந்துபோயிடுமா? டிக்கெட்டக் கையில குடுத்தான்டி. நீ அதக் கிழிச்சு அவன் மூஞ்சில போட்டுட்டு வந்திருக்க."

"அவன் ஆடுனதுன்னு சொல்லிட்டு லுசாகா போய், அங்க யாராவது கேட்டா என்ன சொல்றது?"

"லுசாகாவுல யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. எந்தச் சிப்பாய் ஆடப் போற? ராஜாவா?"

அந்த நேரம் பார்த்து ஹாலுக்குள் கரண்ட் போய்விட்டது. மேசையைத் தூக்கி வராந்தாவில், வெளிச்சத்துக்காக மா மரத்து நிழல் படாத பக்கமாகப் போட்டார்கள். காய்களை வரிசையாக அடுக்கினோம். வெப்ஸ்டர் ராஜாவை நேராக நிறுத்திவிட்டு, ராஜாவின் சிப்பாய்க்கு எதிரான ஆட்டத்துக்குத் தயாராக முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். மூன்று வாரம் நான் எதற்குப் பழகினேன் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. சலூனில் ரகசியம் ஏது.

ஹெட் கடிகாரத்தைத் தட்டினார். நான் ராணியின் சிப்பாயை எடுத்தேன். இரண்டு கட்டம். மெதுவாக, எல்லோரும் பார்க்கும்படி, என் விரலால். கடிகாரத்தை அமுக்கினேன்.

வெப்ஸ்டர் நிமிர்ந்தார். "இதுக்குத்தானே மேடம் சண்டை போட்டீங்க, வேண்டாம்னு?"

"அது அவரோடது. இது என்னுது."

அவர் பலகையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "டிரா?"

ஒரே ஒரு நகர்த்தல் ஆகியிருந்தது. அவர் இன்னும் ஒன்றும் ஆடவே இல்லை. வராந்தாத் திண்டில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கைய உள்ள வெச்சுக்கங்க," என்றேன். "அதால ஆடுங்க."

இந்த இரண்டாவது ஆட்டம் அழகான ஆட்டம் இல்லை. அதை மறைக்கப் போவதில்லை. நடுவில் சிப்பாய்கள் வெட்டிக்கொண்டன. ராணியின் சிப்பாய் மறுபடி தனியாக நின்றது. இந்த முறை வெப்ஸ்டர் அதைத் தின்ன வரவில்லை. அதன் முன்னால் குதிரையை வைத்தார். குதிரைக்குப் பின்னால் யானை, யானைக்குப் பின்னால் ராணி. ஒரு சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்துவிடக் கூடாது என்பதற்கு ஒரு படையையே நிறுத்தினார். நான் எந்தக் காயைத் தொட்டாலும் அவர் கண் அந்தக் கட்டத்துக்கே போனது. ஒவ்வொரு முறையும் அதை எண்ணிப் பார்த்தார், மறுபடி எண்ணினார். நான் அந்தச் சிப்பாயைத் தள்ளவே இல்லை. தள்ளுவேன் தள்ளுவேன் என்று அங்கேயே விட்டுவைத்து, பலகையின் ஓரங்களில் வேகமாக ஆடிக்கொண்டிருந்தேன். அவருடைய நேரம் கரைந்தது.

காய்கள் சமம்தான். கணக்குப் பார்த்தால் டிரா. அவரும் அப்படித்தான் நினைத்து, "டிரா" என்று சொல்ல நிமிர்ந்தார். நான் கடிகாரத்தைக் காட்டினேன். அவர் பக்கத்தில் எல்லாம் பூஜ்யம்.

"நடுவரே," என்றேன்.

ஹெட் வந்து பார்த்தார். கண்ணாடி போட்டிருந்தார், தெரியவில்லை என்று சொல்ல வழியில்லை. "நேரம் முடிஞ்சிது. வெள்ளை ஜெயிச்சாச்சு."

வெப்ஸ்டர் இந்தத் தடவை கையை நீட்டினார். "முதல் தடவ நான் கடிகாரத்த அமுக்கியிருக்கக் கூடாது," என்றார். மன்னிப்பா, வருத்தமா, அடுத்த முறைக்கான பாடமா என்று எனக்குத் தெரியவில்லை. கையைக் கொடுத்தேன். மன்னிப்பு எதையும் கொடுக்கவில்லை.

கோப்பை கிடையாது, மெடல் கிடையாது. லவ்னெஸ் சலூனில் எல்லோருக்கும் முன்கோயோ, மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்த பானம், ஊற்றிக் கொடுத்தாள். "ரெண்டு தடவ ஜெயிச்சா ஒரு டிக்கெட். இந்த ஊருல பொம்பளைக்கு அதான் விலை," என்றாள்.

லுசாகா பஸ்ஸுக்காக நின்ற காலையில்தான் அந்தப் பேனரைப் பார்த்தேன். பஸ் நிலையத்தின் வாசலில், நுழைகிறவர்கள் எல்லோரும் பார்க்கும் உயரத்தில் கட்டியிருந்தார்கள். சேர்மன் கபொட்வே குனிந்து சிரிக்கிறார். விரலின் கீழே வெள்ளைச் சிப்பாய். அவருக்கு முன்னால் ஓரத்தில் யாருடையதோ ஒரு முழங்கை. கீழே பெரிய எழுத்தில்: எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்ப்பவர்.

என் முழங்கை அது. திருப்பிப் போட்ட டி-ஷர்ட்டின் தையல்கூடத் தெரிந்தது.

பையைத் தூக்கி வந்த லவ்னெஸ் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். "ஏய், சிப்பாய் மூணாவது கட்டத்துல நிக்கிது பாரு. ஹெட் இழுக்கறதுக்கு முன்னால எடுத்த படம். தப்பாட்டத்த ஊருக்கே கட்டித் தொங்க விட்டிருக்கான்."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"நீ அதப் பாத்துக்கிட்டே ஏறாத. வழியெல்லாம் வாந்தி எடுப்ப."

பார்த்துக்கொண்டேதான் ஏறினேன். கோபம் லுசாகா வரை கூடவே வந்தது, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு.

முதல் சுற்றில் எனக்கு வெள்ளை. உட்கார்ந்து காய்களைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கதவருகே ஒரே பரபரப்பு. கோட்டு போட்ட ஒருவர் போட்டோக்காரர்களோடு மேசை மேசையாக வந்துகொண்டிருந்தார். நான் இடது கையைக் குறுக்காக நீட்டி என் சிப்பாய்கள் எட்டின் மேலும் கூரைபோல வைத்துக்கொண்டேன்.

"என்ன செய்றீங்க மேடம்?" என்றார் அங்கிருந்த நடுவர்.

"அவரு கேட்டுட்டுத் தொடட்டும்," என்றேன்.